மாத்திரைக்கு மசியாத நீர்க்கடுப்பு

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நான் உரத்தைப் பற்றியோ உழவைப் பற்றியோ பேச வரவில்லை. நீர்க்கடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'இதையெல்லாமா ரேடியோவில் பேசுவது?' என்று சில பேர் முகம் சுளிக்கலாம். பேசாமல் மூடி மூடி வைத்ததால்தான் இந்தத் தொல்லை இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கொஞ்ச நேரம் காது கொடுங்கள். வீட்டில் பெண்கள் அடுப்பங்கரையில் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

என் அக்காவைத் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தில் கொடுத்திருக்கிறோம். நெல், மல்லாட்டை, கோடைக்குக் கொஞ்சம் தர்பூசணி என்று பாடுபடுகிற குடும்பம். ஒரு நடவு சமயம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சேற்றில் குனிந்த வேலை. சுற்றிலும் வெட்டவெளி, ஒதுங்க மறைவு கிடையாது. ஒதுங்க வேண்டி வருமே என்று அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் நீர்க்கடுப்பு வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாய்ப் போகும், எரியும், அடிவயிறு இழுக்கும்.

மாமா கடைவீதிக்குப் போய், "நீர்க்கடுப்புக்கு ஏதாச்சும் குடுப்பா" என்று கேட்டு மூன்று மாத்திரை வாங்கி வந்தார். இரண்டு மாத்திரையிலேயே எரிச்சல் நின்றது. மூன்றாவது மாத்திரை மாடப்பிறைக்குப் போயிற்று. இருபது நாள் கழித்து மறுபடியும் வந்தது. மாடத்தில் இருந்த ஒன்றோடு இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை பாதிதான் கேட்டது. மூன்றாம் தடவை மாத்திரை போட்டும் போடாத மாதிரியே இருந்தது. ராத்திரி குளிர்ஜுரம், விலாவுக்குப் பின்னால் குத்து வலி, வாந்தி. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிறுநீர்ப் பையில் இருந்த கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சிறுநீரை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். இதற்குத்தான் கல்ச்சர் பரிசோதனை என்று பெயர். இரண்டு நாளில் ஒரு காகிதம் வந்தது. இடது பக்கம் வரிசையாக மருந்துப் பெயர்கள். எதிரே ஓர் எழுத்து. 'எஸ்' என்று போட்டிருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். 'ஆர்' என்று போட்டிருந்தால் அடங்காது. அக்காவின் காகிதத்தில் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்றே வந்தது. கடைசியில் நாலைந்து எஸ். அதிலும் பெரும்பாலும் ஊசி மருந்துகள். ஒரு வாரத்துக்கு மேல் ஊசி போட்டுத்தான் அக்கா எழுந்து நடமாடினார்கள். அந்த வருஷம் மல்லாட்டை விற்ற பணம் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மச்சான், நீ லேப்புல வேலை பாக்குற ஆளு. மொதல்ல ரெண்டு மாத்திரைல அடங்கின கிருமிக்கு இவ்ளோ திமிரு எங்கேர்ந்து வந்துது? மாத்திரை தின்னு தின்னு பழகிப்போச்சா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

*யார் இந்தக் கிருமி?*

நீர்க்கடுப்பு வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குக் காரணம் ஒரே வகைப் பாக்டீரியா. பெயர் ஈ.கோலை. எஷ்ஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் இதைக் கண்டு எழுதினார். இது வெளியூரிலிருந்து வந்த எதிரி இல்லை. உங்கள் குடலிலும் என் குடலிலும் கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. மாட்டுக் குடலிலும் கோழிக் குடலிலும் இருக்கிறது. குடலில் இருக்கிறவரைக்கும் பெரும்பாலும் தொல்லை இல்லை. இடம் மாறிச் சிறுநீர்த் தாரைக்குள் நுழைந்தால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தத் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆகையால் அவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம்.

இதை ஞாபகத்தில் வையுங்கள்: சிறுநீரில் வருகிற கிருமி நம் குடலிலிருந்து வருகிறது. பின்னால் இது பயன்படும்.

*பழகுவதா, பொறுக்குவதா?*

மருந்துக்குக் கிருமி 'பழகிப்போகிறது' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கள்ளுக்கு உடம்பு பழகுகிற மாதிரி என்று நினைப்பு. நடப்பது அது இல்லை. உங்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன்.

நெல்லில் புகையான் விழுகிறது. ஒரு மருந்து அடிக்கிறீர்கள். முதல் வருஷம் சுத்தமாய்ப் போகிறது. அதே மருந்தை அடுத்தடுத்த போகத்திலும் அடிக்கிறீர்கள். நாலு வருஷத்தில் மருந்தை இரண்டு பங்கு ஊற்றினாலும் பூச்சி தூரிலேயே உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பூச்சியும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகவில்லை. லட்சம் பூச்சியில் பிறவியிலேயே தாங்கக்கூடிய ஒன்றிரண்டு இருந்தன. மற்றதெல்லாம் செத்தது. தாங்கியது மட்டும் முட்டையிட்டது. நல்ல கதிராய்ப் பார்த்துப் பொறுக்கி விதைக்கு வைக்கிறோம் அல்லவா? அதே வேலையை மருந்து, பூச்சிக்குச் செய்துவிட்டது.

பாக்டீரியாவிலும் இதுதான் கதை. வேகம் மட்டும் வேறு. நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிளக்கும். ஒன்று இரண்டு, இரண்டு நாலு என்று போனால் 10 மணி நேரத்தில் 30 தடவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிருமி 107 கோடி ஆகிவிடும். நம் உடம்புக்குள் இவ்வளவு வேகம் இராது என்றாலும் வேகம் வேகம்தான்.

ஒவ்வொரு தடவை பிளக்கும்போதும் கிருமி தன் மரபுக் கணக்கை முழுசாய்ப் பிரதி எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். சில வகையில் இன்னும் அதிகம். எவ்வளவு கவனமாய் நகல் எடுத்தாலும் அபூர்வமாய் ஓர் எழுத்து தப்பிப் போகும். பல தப்புகளால் ஒன்றும் ஆகாது. சில தப்பு கிருமியையே கொல்லும். ஏதோ ஒரு தப்பு, மருந்து பிடிக்கிற இடத்தை மாற்றிவிடும். கோடிக்கணக்கில் இருக்கும்போது அப்படிப்பட்ட ஒன்றிரண்டு எங்கேயாவது இருக்கும். மருந்து வருவதற்கு முன்னாலேயே இருக்கும்.

இது வெறும் பேச்சில்லை. 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற கணவன் மனைவி இதை ஒரு வெல்வெட் துணியை வைத்து நிரூபித்தார்கள். தட்டில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். அதன்மேல் துணியை ஒற்றி எடுத்து, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டில் ஒற்றினார்கள். அங்கே சில இடத்தில் மட்டும் கிருமி பிழைத்தது. முதல் தட்டில் அதே இடத்தில் இருந்த கிருமியை எடுத்துப் பார்த்தால், மருந்தையே பார்த்தறியாத அந்தக் கிருமிக்குள்ளும் மருந்தைத் தாங்கும் வர்க்கம் இருந்தது.

ஆக, மாமாவுக்கு நான் சொன்ன முதல் பதில் இது: "கிருமி பழகல மாமா. நாம பொறுக்கி எடுத்தோம்." பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோதே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் தாங்குகிற கிருமிதான் மிஞ்சும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

*ஒரு மருந்து சாப்பிட்டால் பத்து மருந்து எப்படிப் போகும்?*

மாமா விடவில்லை. "சரி மச்சான். உங்க அக்கா தின்னது ஒரே மாத்திரைதானே? காயிதத்துல அத்தனை மருந்துக்கும் ஆர் போட்டிருக்கே, அது எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. இங்கேதான் பாக்டீரியா, புகையானை விட ஒரு படி மேலே போகிறது.

பூச்சி தன் குணத்தைத் தன் குஞ்சுக்குத்தான் கொடுக்க முடியும். பாக்டீரியா பக்கத்தில் இருக்கிற பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். பெரிய மரபுக் கணக்கைத் தவிர, அதன் உடம்புக்குள் வளையல் மாதிரி சின்னச் சின்ன மரபு வளையங்கள் உண்டு. இதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். இரண்டு பாக்டீரியா நெருங்கும்போது, ஒன்று மெல்லிய குழல் போன்ற உறுப்பை நீட்டி மற்றதை இழுத்துச் சேர்த்து, வளையத்தின் ஒரு பிரதியை அதற்குக் கொடுக்கிறது. தன்னுடையது தன்னிடமே இருக்கும். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் குறைகிறதா? அந்த மாதிரி. ஒரே சாதிப் பாக்டீரியாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஈ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்குப் போகும். அங்கிருந்து வேறொன்றுக்குப் போகும்.

ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நாலு மருந்துக்கு அடங்காமல் போனது. நாலு தப்பும் ஒரே கிருமியில் தற்செயலாய்ச் சேர்வது நடக்கிற காரியமா? அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அடங்காத ஈ.கோலையையும் அடங்குகிற சீதபேதிக் கிருமியையும் ஒன்றாய்க் கலந்து வைத்துப் பார்த்தார்கள். நாலு குணமும் ஒரே மூட்டையாய்க் கைமாறியது. 1959-இல் இது வெளியே வந்தது. நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே வளையத்தில் கோத்திருந்தால், அதில் எந்த ஒரு மருந்தைச் சாப்பிட்டாலும் வளையம் மொத்தமும் பிழைக்கும். மாட்டை ஓட்டினால் கன்றும் கூட வருகிற மாதிரி.

எதிர்ப்பு மரபணு என்னதான் செய்கிறது? முக்கியமாய் நாலு தந்திரம். ஒன்று, மருந்தை வெட்டிப் போடுவது. பென்சிலினும் அதன் வர்க்கமும் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்கின்றன. சில மரபணுக்கள் அந்த மருந்தையே கத்தரிக்கிற நொதியைத் தயாரிக்கின்றன. இரண்டு, பூட்டை மாற்றிவிடுவது. சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்து போய்ப் பிடிக்கிற இடத்தில் ஓரெழுத்து மாறினாலும் சாவி பொருந்தாது. மூன்று, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்து ஊற்றுவது. கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்கிறோமே, அதே வேலை. நாலு, மருந்து நுழைகிற மடையை அடைத்துவிடுவது.

*மக்காச்சோளம் சொன்ன சேதி*

இந்த மரபணுக்கள் வளையத்துக்கு எப்படி வந்து சேர்ந்தன? இதற்கு விடையின் ஒரு பாதி மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வந்தது. பார்பரா மெக்கிளின்டாக் என்ற அமெரிக்க அம்மையார் 1940-களில் மக்காச்சோளம் பயிரிட்டு, மணியில் விழுகிற வண்ணப் புள்ளிகளை வருஷக்கணக்காய்க் கவனித்தார். மரபணுத் துண்டுகள் இருந்த இடத்தை விட்டு வேறிடத்துக்குத் தாவுகின்றன என்று சொன்னார். அப்போது பலரும் அதைப் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது. பாக்டீரியாவிலும் இப்படித் தாவுகிற துண்டுகள் உண்டு. அவை தாவும்போது பக்கத்து எதிர்ப்பு மரபணுவையும் தோளில் தூக்கிக்கொண்டு பிளாஸ்மிட்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் என்று சொல்கிற பலமான மருந்துகளை வெட்டிப் போடுகிற ஒரு மரபணு, 1999-இல் புதுதில்லியில் எடுத்த கிருமிகளில் இப்படித்தான் தாவுகிற துண்டுக்குப் பக்கத்தில் காணப்பட்டது. சி.டி.எக்ஸ்-எம்-15 என்று அதற்குப் பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க நீர்க்கடுப்புக் கிருமிகளில் பரவிக் கிடக்கிறது. அக்காவின் காகிதத்தில் இருந்த ஆர்களில் பாதிக்கு இந்த மாதிரி மரபணுதான் காரணமாய் இருந்திருக்கும்.

*சென்னை வரைக்கும் வந்த கதை*

இன்னொரு சேதி நம் மாநிலத்தையே தொட்டது. 2008-இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்வீடன் நாட்டுக்காரர் ஒருவர் தில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்து ஊருக்குத் திரும்பினார். அவருடைய சிறுநீரில் ஒரு கிளெப்சியெல்லா கிருமி. எதற்கும் அடங்காதபோது கடைசியாய் எடுக்கிற கார்பபெனம் என்ற ஊசி மருந்துக்கும் அது அடங்கவில்லை. அந்த மரபணுவுக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 'என்.டி.' என்றால் நியூ டெல்லி. நம் தலைநகரின் பெயரை ஒரு கிருமியோடு ஒட்டிவிட்டார்களே என்று நாட்டில் பெரிய சர்ச்சை எழுந்தது.

பெயரைப் பற்றிய சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். 2010 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற ஊர்களில் 73 கிடைத்தன என்று எழுதினார்கள். பெரும்பாலும் நம்முடைய ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும்தான். பல கிருமிகளில் மரபணு இருந்த இடம் பிளாஸ்மிட். அதாவது கைமாறக் காத்திருந்தது. அடுத்த வருஷம், 2011-இல், தில்லியில் தெருவில் தேங்கிய நீரும் குழாய்த் தண்ணீரும் எடுத்துப் பார்த்தார்கள். தேங்கிய நீர் 171 மாதிரியில் 51-இலும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரியில் இரண்டிலும் அதே மரபணு இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருக்கிற விஷயம் இது இல்லை, சாக்கடையும் சம்பந்தப்பட்டது என்று புரிந்தது.

அதற்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு திட்டம் வகுத்தன. 2014 மார்ச் முதல், சில முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்றால் மருந்துக்கடைக்காரர் யார் எழுதிக் கொடுத்தது, யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாய் ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். 2016 முதல் அரசாங்கம் அதைப் பற்றிப் பிரசாரம் செய்து வருகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தக் கோடு தெரியும். சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், வாங்கச் சொல்லாதீர்கள்.

*தொழுவத்திலும் வயலிலும்*

மனுஷனுக்கு மட்டும் சொல்லிவிட்டு மாட்டை விட்டுவிட முடியாது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. கார்பபெனமும் கேட்காத நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாய்த் தேடுகிற மருந்து அது. அதே மருந்தைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்தார்கள். 2015-இல், கொலிஸ்டினை எதிர்க்கிற மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைச் சீனாவில் பன்றிகளில் கண்டார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கிற பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்கள், தீவனப் பையிலும் மருந்துப் பாட்டிலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

பசுவுக்கு மடிநோய் வந்தால் ஊசி போடத்தான் வேண்டும். ஆனால் போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாமல் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை டாக்டரைக் கேளுங்கள். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். கலந்த மருந்து முழுசாய்ப் போகாது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள். அதன் குடலிலும் ஈ.கோலை இருக்கிறது.

வயலுக்கு வருவோம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் ஸ்ட்ரெப்டோசைக்ளின் தூளைக் கரைத்துத் தெளிப்பது ரொம்ப நாளைய வழக்கம். அதற்குள் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். இரண்டும் மனுஷனுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்துகள். மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில், இதை விவசாயத்திலிருந்து விலக்குவதற்கான அறிவிக்கையை வெளியிட்டது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகம், அளவான தழைச்சத்து, நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாமல் இருப்பது, இவைதான் இலைக்கருகலுக்கு நிலையான வழி.

*நாம் செய்ய வேண்டியது*

இப்போது முதலில் ஞாபகம் வைக்கச் சொன்னதை எடுங்கள். சிறுநீர்க் கிருமி நம் குடலிலிருந்து வருகிறது. ஐப்பசியில் சளிக்கு என்று ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்குகிறீர்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அந்த மாத்திரைக்குச் சளி கேட்கப்போவதில்லை. ஆனால் மாத்திரை குடலுக்குப் போய் அங்கேயுள்ள ஈ.கோலையில் தாங்குகிறதைப் பொறுக்கி வைத்துவிடும். தை மாதம் நீர்க்கடுப்பு வந்தால் வருவது அந்தப் பொறுக்கு விதை. இந்தப் பாதிப்பு ஒரு வருஷம் வரைக்கும் இருக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். அக்காவிடம் விசாரித்தேன். நடவுக்கு முன்னால் இருமலுக்கும் காய்ச்சலுக்குமாக இரண்டு தடவை கடை மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். காகிதத்தில் இருந்த ஆர்களுக்கு விதை அங்கேயே விழுந்திருக்கலாம்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது, போன ஒரு வருஷத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்பதாய் இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால் கொடுங்கள். சுத்தமாய்க் கழுவிவிட்டு, முதலில் வருகிறதை விட்டு, நடுவில் வருகிறதை ஆஸ்பத்திரியில் தரும் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு ஊறுகாய் பாட்டில் உதவாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஒரு மருந்தைக் கொடுத்து, காகிதம் வந்ததும் மாற்றலாம். 'நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு குடுக்குறாரே' என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். எரிச்சல் நின்றது என்று நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். நல்லதுதானே என்று கூட்டவும் வேண்டாம். சாதாரண நீர்க்கடுப்புக்கு இப்போது சில நாள் மருந்தே போதும் என்கிறார்கள். மிச்ச மாத்திரையை மாடத்தில் சேமிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கவும் கூடாது. வெங்காயம் கொடுக்கலாம், தயிர் கொடுக்கலாம். மாத்திரை கொடுக்கக் கூடாது.

சீக்கிரம் போவதில் ஒரு லாபம் இருக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்போமைசின் என்ற பழைய மருந்துகள், சிறுநீர்ப் பையோடு நிற்கிற நோய்க்கு இன்றைக்கும் பெரும்பாலும் கேட்கின்றன. நோய் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அவை போதாது. பெயரைச் சொல்லிவிட்டேன் என்று இதையும் கடையில் போய்க் கேட்டு வாங்கிவிடாதீர்கள். இதையும் இழந்தால் அப்புறம் கையில் என்ன இருக்கிறது?

குளிர்ஜுரம், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள், இவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. ஆனால் வயதானவர்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து வேண்டும். இதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கடைசியாக, நிலம் வைத்திருக்கிற ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை. நோய் வராவிட்டால் மாத்திரையே வேண்டாம். நடவுக்கும் களைக்கும் பெண்களை அழைக்கும்போது, வரப்பு ஓரத்தில் நாலு கழி நட்டு, ஓலையோ பழைய தார்ப்பாயோ கட்டி ஒரு மறைப்புச் செய்யுங்கள். ஒரு குடம் குடிதண்ணீரும் கைகால் கழுவத் தனித் தண்ணீரும் வையுங்கள். மோட்டார் கொட்டகைப் பக்கம் கழிப்பறை கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள். தாய்மார்களே, நீங்களும் அடக்கி வைக்காதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள். பெண் குழந்தைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

மருந்தை நிறுத்தினால் கிருமி மறுபடி சாதுவாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது சில கிருமிகளுக்குப் பாரம்தான். மருந்து இல்லாத இடத்தில் சுமக்காதவை முந்திக்கொண்டு பெருகும். ஆனால் பாரத்தைப் பழையபடி சமாளிக்கக் கற்ற வர்க்கங்களும் உண்டு. அதனால் இருக்கிறதைப் போக்குவதை விட, புதிதாய்ப் பொறுக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிற வேலை.

போன மாதம் பிரம்மதேசத்துக்குப் போயிருந்தேன். மாமா கொல்லை ஓரத்தில் தென்னங்கீற்று மறைப்பு ஒன்று கட்டியிருந்தார். உள்ளே ஒரு வாளித் தண்ணீர். நடவாள் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "இந்த வருஷம் ஐயா ரொம்ப முன்னேறிட்டாரு" என்றார். வீட்டு மாடப்பிறையைப் பார்த்தேன். விளக்கும் தீப்பெட்டியும் மட்டும்தான் இருந்தன.

உங்கள் வீட்டு மாடத்தையும் இன்றைக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.